வாங்கும் முன் ஒரு வார்த்தை: பெரிய மீனுக்கு எந்தத் தூண்டில்?



சென்ற மாதம் தையல் மெசின் வாங்குவது பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. அவற்றுள் ஒன்று தையலைப் பற்றியதே அல்ல. கிழக்கில் கடலோர ஊரொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்கு இருபத்திரண்டு வயது. மாமாவின் போட்டில் கடலுக்குப் போய் வருகிறான். உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போய், அவர்கள் கையாலேயே பெரிய மீன் பிடிக்க வைத்தால் வலைத் தொழிலைவிட வருமானம் கூட என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குத் தடியும் ரீலுமாக நான்கு சோடி வேண்டுமாம். "என்னுடைய காப்பை அடகு வைக்கச் சொல்லி நிற்கிறான். இவர் கட்டாரில். நான் யாரிடம் கேட்பது? தையல் மெசினைப் பற்றி அவ்வளவு எழுதினீர்களே, தூண்டிலைப் பற்றியும் ஏதாவது தெரியுமா?" என்று முடித்திருக்கிறார்.

சிரித்துவிட்டு மடித்து வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முடியவில்லை. இதே காரியத்தில் என் சீட்டுக் காசு ஒரு தடவை கடலோடு போயிருக்கிறது.

நான் திருகோணமலைப் பக்கத்துப் பிள்ளை. எங்கள் துறைமுகத்து வாயிலிலிருந்தே கடலுக்கடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று வெளியே ஓடுகிறது. அதனால் ஆழ்கடல் மீன்கள் எங்கள் கரைக்குக் கிட்டவே வரும். கெலவல்லா, சந்தையில் தளபத் என்று சொல்லும் மயில்மீன், கொப்பரா என்கிற மார்லின், பாறையோரங்களில் பெரும் பாரை. வாப்பா இவற்றையெல்லாம் கைத்தூண்டிலில்தான் பிடித்தார். தடியும் இல்லை, ரீலும் இல்லை. தங்கூசியைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பதுதான். ஒரு நாள் விடியற்காலையில் ஒரு கெலவல்லா இழுத்த இழுப்பில் தங்கூசி அவருடைய வலது கையில் சுற்றிக்கொண்டது. அன்றைக்கு மீனும் போனது, இரண்டு விரல்களின் மடக்கமும் போனது. அதன் பிறகு வாப்பா சோற்றைப் பிசையும்போது அந்த இரண்டு விரல்களும் நீட்டிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் நாங்கள் அதைப் பார்த்துப் பழகிவிட்டோம். உம்மா மட்டும் கடைசிவரை பழகவில்லை.

ஆகவே, சில வருடங்களுக்கு முன் ராத்தாவின் மகன் வந்து, "சாச்சி, தடி இருந்தால் கை தப்பும்" என்று சொன்னபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை. சீட்டு விழுந்த காசை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். கொழும்பில் ஒரு கடையில் வாங்கி வந்தான். எட்டரை அடித் தடி, கறுப்புக் காபன், தங்க நிற எழுத்து. ரீலும் பார்வைக்குப் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் பில்லைப் பார்த்தால், கொடுத்த காசில் முக்கால்வாசி தடிக்கு, மிச்சம் கால்வாசிதான் ரீலுக்கு. பிழை அங்கேதான் இருந்தது. எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

முதல் பெரிய மீன் கொழுவிய அன்று அந்த ரீல் முதலில் நூலை விடவே இல்லை. பிறகு திடீரென்று விட்டது. மறுபடி பிடித்துக்கொண்டது. மூன்றாவது உதறலில் தங்கூசி வெடித்ததைப் போல் அறுந்தது. தடியைப் பிடித்திருந்த பயணி பின்பக்கமாகப் போய் என்ஜின் மேல் விழுந்து முழங்கை கிழிந்தது. அவர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. அவரோடு வந்தவர்கள்தான் மறுநாளைக்குப் பேசியிருந்த பயணத்தை வேண்டாம் என்றுவிட்டார்கள்.

இரண்டாம் தடவை வாங்கப் போனபோது நானும் கூடவே போனேன். தொழிலில் தலை நரைத்த மீன்பிடிகாரர் ஒருவரையும் அழைத்துக்கொண்டோம். அவர் கடையில் தடிகளின் பக்கமே திரும்பவில்லை. நேராக ரீல்கள் இருந்த அலுமாரிக்குப் போனார். "பெரிய மீனுக்குத் தடி வாங்குவதில்லை பிள்ளை. பிரேக்தான் வாங்குவது. தடியும் நூலும் அதற்குப் பின்னால் வருகிறவை" என்றார்.

ரீலுக்குள் இருக்கும் அந்தப் பிரேக்கைக் கடைக்காரர்கள் டிராக் என்பார்கள். அது என்ன செய்கிறது என்று உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. உங்கள் தையல் மெசினின் முகப்பில் நூலை இறுக்கும் திருகு ஒன்று இருக்கிறதல்லவா? இரண்டு சிறு தட்டுகளுக்கு நடுவில் நூல் ஓடும், திருகை முறுக்கினால் தட்டுகள் நெருங்கி நூல் இறுகும், தளர்த்தினால் இலேசாக ஓடும். கூடுதலாக இறுக்கினால் நூல் அறும், கூடுதலாகத் தளர்த்தினால் தையல் தொளதொளக்கும். ரீலிலும் அதே கதைதான். உள்ளே தட்டுகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்கும். மீன் இழுக்கும் விசை நாம் வைத்த அளவைத் தாண்டினால் தட்டுகள் வழுக்கி நூலை விடும். மீன் ஓய்ந்தால் நிற்கும், அப்போது நாம் சுற்றிக்கொள்ளலாம். மீனைக் களைக்க வைப்பது இந்த வழுக்கல்தான்.

இது இல்லாத காலமும் இருந்தது. 1898 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரைக்கு அப்பாலுள்ள கற்றலீனாத் தீவில் சார்ள்ஸ் ஹோல்டர் என்பவர் 183 இறாத்தல் எடையுள்ள நீலத்துடுப்புச் சூரையொன்றைத் தடியாலும் ரீலாலும் பிடித்தார். பெரிய மீனை விளையாட்டாகப் பிடிக்கும் வழக்கம் பரவியதற்கு அந்த மீன் ஒரு பெரிய காரணம். அன்றைய ரீல்களில் மீன் ஓடினால் கைப்பிடியும் சேர்ந்து பின்புறமாகச் சுழலும். ஒரு தோல் துண்டைப் பெருவிரலால் நூற்சுற்றின் மேல் அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். விரல் மூட்டுகளை உடைக்கும் ரீல் என்றே அவற்றுக்குப் பட்டப்பெயர் உண்டு. பிறகு ரீலுக்குள்ளேயே பிரேக் வந்தது. 1913 இல் அதே தீவில் வில்லியம் பொஷன் என்பவர் அப்படிப்பட்ட ரீலைக் கொண்டு, நாம் சப்பரா என்கிற வாள்மீனை முதன்முதலாகப் பிடித்துக் காட்டினார். அதன் பின்னர் விளையாட்டின் அளவே மாறிவிட்டது. 1953 இல் பெரு நாட்டின் கபோ பிளாங்கோக் கடலில் அல்பிரட் கிளாசெல் என்பவர் 1,560 இறாத்தல், அதாவது 707 கிலோ எடையுள்ள கருங்கொப்பராவைப் பிடித்தார். அடுத்த வருடமே, 1954 இல், அதே கடலில் கிம்பர்லி விஸ் என்ற பெண்மணி 1,525 இறாத்தல் கொப்பராவைப் பிடித்தார். வித்தியாசம் வெறும் 35 இறாத்தல். கைப்பலம் மட்டும் காரியமாக இருந்தால் இது நடந்திருக்குமா?

சரி, கடைக்குப் போவோம். ரீலைக் கையில் எடுத்தால் என்ன பார்ப்பது?

எங்கள் பெரியவர் ஒரு விற்றராசு கொண்டு வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் படித்தோமே, கொக்கியில் தொங்கவிட்டு நிறுப்பது, அதுதான். ரீலில் சிறிது நூல் சுற்றச் சொல்லி, நுனியைத் தராசின் கொக்கியில் கட்டி, என்னையே மெதுவாக இழுக்கச் சொன்னார். கடைப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். சிரிக்கட்டும், காசு நம்முடையது. முதல் ரீலில் முள் ஐந்து கிலோவரை ஏறியது, பிறகு சடாரென்று மூன்றுக்கு விழுந்தது, மறுபடி ஏறியது. பாரமான அலுமாரியைத் தள்ளும்போது முதலில் அசையாமல் நின்று, பிறகு ஒரேயடியாக நகர்ந்து சுவரில் முட்டுமே, அப்படி. நூலை அறுப்பது அந்த முதல் அசைவுதான். எங்களுடைய பழைய ரீலின் வியாதியும் அதுவேதான். மூன்றாவதாக எடுத்த ரீலில் முள் ஓரிடத்தில் ஏறி அங்கேயே நின்றது. நூல் நெய்யில் ஓடுவதுபோல் வந்தது. விலை கூடத்தான். ஆனால் அந்தக் கூடுதல் காசு எதற்கு என்பது என் விரலுக்கே விளங்கியது.

இதைத் தவிர, கைப்பிடியைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் கூடாது. உடம்பு உலோகமாக இருக்கட்டும். தேய்ந்துபோகும் தட்டுகள் நம் நாட்டிலேயே கிடைக்குமா என்று வாங்கும் முன் கேளுங்கள், வாங்கிய பின் அல்ல. எனக்கு இதுதான் கம்பனிப் பெயரைவிட முக்கியம்.

ரீலில் வகைகள் பல. உங்கள் தலையைக் குழப்ப மாட்டேன். ஓடும் போட்டின் பின்னால் இரையை இழுத்துச் செல்லும் தொழிலுக்கு, தடியின் மேல் உட்காரும் உருளை ரீல்தான் வேண்டும். அதிலும் பிரேக்கை நட்சத்திரம் போன்ற சக்கரத்தால் திருகுவது ஒன்று, நெம்புகோல் போன்ற பிடியால் முன்னும் பின்னும் தள்ளுவது இன்னொன்று. முன்னது விலை குறைவு. பின்னதில் எந்த இடத்தில் எவ்வளவு இறுக்கம் என்பதைக் கரையிலேயே அளந்து வைத்துவிட்டு, கடலில் அந்த அடையாளத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். பழக்கமில்லாத பயணிகளின் கையில் கொடுப்பதானால் அதுதான் நல்லது. பாறையோரத்தில் பெரும் பாரைக்கு மரக்கட்டை மீனை வீசி வீசி இழுப்பவர்களுக்கோ, தடிக்குக் கீழே தொங்கும் ரீல் வேண்டும். பாரை கொழுவியவுடன் பாறை இடுக்குக்குள் ஓடிவிடும், அதை ஓட விடாமல் பிடிக்க வேண்டும். 2006 இல் ஜப்பானில் பிடிபட்ட ஒரு பெரும் பாரை 72 கிலோவுக்கும் மேல் இருந்தது என்றால் அந்த இழுப்பை யோசித்துப் பாருங்கள். தொடங்குகிறவனுக்கு அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

இனி, எவ்வளவு பெரிய சாமான் வாங்குவது? இங்கேதான் நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். மீனின் அளவைப் பார்த்து வாங்குகிறார்கள். பிடிக்கிற மனிதனின் அளவைப் பார்த்தல்லவா வாங்க வேண்டும்?

வீட்டிலேயே ஒரு பரீட்சை செய்யலாம். தும்புத்தடியின் ஒரு நுனியில் ஐந்து கிலோ அரிசிப் பையைக் கட்டுங்கள். மற்ற நுனியைச் சாண் இடைவெளியில் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தடியை நேராக நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். உங்கள் மகன் எவ்வளவு திடகாத்திரமானவனாக இருந்தாலும் எத்தனை நிமிடம் தாங்குகிறான் என்று பாருங்கள். ஐந்து கிலோ அரிசி, அவ்வளவுதான். தடியின் நுனியில் விழும் பாரம் பிடிக்கிறவன் கையில் பல மடங்காகிறது. தடி நீளக் நீள மீனுக்குத்தான் இலாபம், நமக்கு நட்டம். ஆகவேதான் போட்டில் நின்று பெரிய மீனோடு மல்லுக்கட்டுவதற்கான தடிகள் ஐந்தரை, ஆறு அடியோடு நின்றுவிடுகின்றன. எட்டடித் தடி தூரத்துக்கு வீசுவதற்கு. நாங்கள் முதலில் வாங்கியது அதைத்தான். போட்டில் இரையை இழுத்துப் போவதற்கு எட்டரை அடித் தடி!

சாமானின் அளவை நூலின் பலத்தால் சொல்வார்கள். 1939 இல் ஆரம்பிக்கப்பட்ட சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் நூல்களை வகுத்து வைத்திருக்கிறது: 30 இறாத்தல், 50, 80, 130 என்று. 50 இறாத்தல் நூல் என்றால் ஏறக்குறைய 23 கிலோ இழுத்தால் அறும். பிரேக்கை 23 கிலோவுக்கு வைப்பதா? இல்லை. அதில் மூன்றில் ஒன்று, அல்லது அதற்கும் குறைவு. ஆறு, ஏழு கிலோ. ஏன் இவ்வளவு குறைவாக என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

பெரியவர் கடைக் கதவைக் காட்டினார். கதவைப் பிடிக்குப் பக்கத்தில் தள்ளினால் இலேசு, பிணைச்சலுக்குப் பக்கத்தில் தள்ளினால் கடினம். உருளை நிறைய நூல் இருக்கும்போது மீன் விளிம்பிலிருந்து இழுக்கிறது, இலேசாகச் சுழலும். நூல் ஓடி ஓடி உருளை மெலிந்துபோனால், அதே பிரேக் அதே திருகில் இருந்தாலும் இழுப்பு கூடும். சுற்றின் விட்டம் பாதியானால் இழுப்பு இரட்டிப்பு. ஏழு கிலோ பதினான்காகிவிடும். அதோடு, கடலுக்குள் நீண்டு கிடக்கும் நூலைத் தண்ணீர் வேறு இழுக்கிறது. முடிச்சுப் போட்ட இடத்தில் நூல் ஏற்கெனவே பலவீனம். இவை எல்லாவற்றுக்குமான இடத்தைத்தான் முதலிலேயே விட்டு வைக்கிறோம். மீன் தூரம் போகப் போகப் பயந்துபோய்ப் பிரேக்கை இறுக்குவது நம் பிள்ளைகளின் வழக்கம். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு, சற்றுத் தளர்த்துவது. ராத்தாவின் மகனுக்கு இதை விளங்கப்படுத்தவே ஒரு மாதம் ஆயிற்று.

கெலவல்லாவும் மயில்மீனும் ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான மீற்றர் நூலை இழுத்துக்கொண்டு போகக்கூடியவை. ஆகவே உருளையில் 400 மீற்றராவது கொள்ள வேண்டும். நைலோன் தங்கூசி இழுபடும், அது அனுபவமில்லாதவனுக்கு ஒரு பாதுகாப்பு. இப்போது வரும் பின்னல் நூல் மெல்லியது, அதே உருளையில் நிறையக் கொள்ளும், ஆனால் இழுபடாது. வெறும் கையால் பிடித்தால் கத்திபோல் அறுக்கும். வாப்பாவின் விரல்களை நினைத்து நான் தங்கூசிக்கே வாக்குப் போட்டேன். எந்த நூலானாலும் கையில் சுற்றக் கூடாது, ஒரு கூரான கத்தி எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வெயில் பட்டால் நைலோன் பலமிழக்கும். ஆகையால் கூரை முகட்டில் செருகி வைக்காமல் வீட்டுக்குள் நிழலில் வைக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாகச் சுற்றச் சொல்லுங்கள். கழித்த நூலைக் கடலில் வீச வேண்டாம். அது உக்காது, ஆமைக்கும் பறவைக்கும் கண்ணியாகக் கிடக்கும். அறக்குளா போன்ற பல்லுக்கார மீனுக்கு முன்பக்கம் ஒரு சாண் கம்பி போட வேண்டும் என்பது உங்கள் மகனுக்கே தெரிந்திருக்கும்.

தடியைப் பற்றி இவ்வளவு நேரமும் பேசாததற்குக் காரணம் பேச அதிகம் இல்லாததுதான். தடியில் எந்த நூலுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும். அது ரீலில் உள்ள நூலோடு பொருந்த வேண்டும். 130 இறாத்தல் தடியில் 30 இறாத்தல் நூலைப் போட்டால் தடி வளையாது, உதறல் முழுவதும் நூலுக்கே போகும். காபன் தடி பாரமில்லாதது, ஆனால் போட்டின் விளிம்பில் ஒரு தட்டுப் பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், பிறகு ஒரு நாள் மீனோடு முறியும். பைபர் கிளாஸ் சற்றுப் பாரம், ஆனால் அடி உதை தாங்கும். பலர் கைமாறும் போட்டுக்கு அதுவே போதும். மீனைத் தூக்கும்போது தடியைத் தலைக்கு மேல் செங்குத்தாக உயர்த்துவார்கள், படம் எடுப்பதற்காக. அப்படித்தான் பாதித் தடிகள் முறிகின்றன. நூல் ஓடும் வளையங்களுக்குள் சிறு பஞ்சுத் துண்டை நுழைத்து எடுத்துப் பாருங்கள். பஞ்சு எங்காவது மாட்டினால் அந்த வளையத்தில் வெடிப்பு இருக்கிறது. அடித்தண்டை வயிற்றில் குத்தக் கொடுக்காமல், அதைத் தாங்கும் கிண்ணம் வைத்த இடுப்புப் பட்டியையும் சேர்த்து வாங்குங்கள். விலை பெரிதல்ல.

தாய்மாருக்கு ஒரு விடயம். காபன் மின்சாரத்தைக் கடத்தும். எங்கள் பக்கம் சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் இடி முழக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வானம் கறுத்தால் தடியைப் படுக்கவைத்துவிட்டுக் கரைக்கு வரவேண்டும். கரையில் தடியை நிமிர்த்திக்கொண்டு மின்கம்பிக்குக் கீழே நடக்கவும் கூடாது.

கடலிலிருந்து வந்ததும் கழுவுகிற வேலை அநேகமாக நம் தலையில்தான் விழும். குழாய்த் தண்ணீரைப் பீச்சியடிக்க வேண்டாம், உப்பு உள்ளுக்குத்தான் போகும். மெதுவாக ஊற்றிக் கழுவி, துணியால் ஒற்றி, நிழலில் காய வையுங்கள். உங்கள் கிணறு சவர் என்றால் கழுவியும் பிரயோசனமில்லை, வேறு நல்ல தண்ணீர் ஒரு வாளி எடுத்து வையுங்கள். எல்லாவற்றிலும் முக்கியம், வைக்கும் முன் பிரேக்கை முழுதாகத் தளர்த்தி வைப்பது. இறுக்கியபடியே மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே தட்டுகள் ஒட்டிப் பதிந்து, மறுபடி அந்தப் பழைய உதறல் வந்துவிடும். மாரி காலம் முழுவதும் கடலுக்குப் போகாத எங்கள் கரையில் நல்ல ரீல்கள் பழுதாவது பெரும்பாலும் இப்படித்தான்.

வேடிக்கைக்காக ஓர் உயிரை மணிக்கணக்கில் இழுத்தடிப்பது எனக்கு மனதுக்குச் சரிவரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ராத்தாவின் மகன் இப்போது இரண்டு விதமாகச் செய்கிறான். உண்ணப் போகும் மீனென்றால் எடுப்பது, இல்லையென்றால் போட்டுக்குள் ஏற்றாமலே தண்ணீரில் வைத்து முள்ளைக் கழற்றி விடுவது. எதுவானாலும் பொருத்தமான சாமான் இருந்தால் போராட்டம் சீக்கிரம் முடியும். நூல் மெலிந்ததாக, பிரேக் பழுதாக இருந்தால்தான் மீன் செத்துப்போகும் அளவுக்குக் களைக்கிறது. நெடுநேரம் போராடிய கெலவல்லாவின் உடம்பு சூடேறி, சதை வெளிறிச் சுவை கெட்டுவிடுவதும் உண்டு. எடுத்த மீனை உடனே ஐஸில் போட வேண்டும். கெலவல்லா, பலயா, தளபத் போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றில் உண்டாகும் நஞ்சு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு தடித்துப்போகும். ஐஸ்பெட்டி இல்லாத போட்டுக்கு ரீல் எதற்கு? வால் நீண்ட கசைச்சுறா வகைகளைப் பிடிக்க நம் நாட்டில் 2012 முதல் தடை இருக்கிறது. தற்செயலாகக் கொழுவினாலும் விட்டுவிட வேண்டும்.

இனி, கடிதம் எழுதிய சகோதரிக்கு.

காப்பை வைக்க வேண்டாம். நான்கு சோடியும் வேண்டாம். சிறிய போட்டில் ஒரு பெரிய மீன் கொழுவிவிட்டால் மற்ற நூல்களை எல்லாம் அவசரமாகச் சுற்றி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னிக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் போராட முடியும். ஆகவே முதல் பருவத்துக்கு ஒரே ஒரு நல்ல சோடி, 50 இறாத்தல் வகை, ஐந்தரை அடி பைபர் கிளாஸ் தடி, நெம்புகோல் பிரேக் உள்ள ரீல். இருக்கிற காசில் பெரும் பங்கு ரீலுக்குப் போகட்டும். பாவித்த ரீல் நல்லதாகக் கிடைத்தாலும் தவறில்லை, தராசில் கட்டி இழுத்துப் பார்த்தால் அதன் வண்டவாளம் தெரிந்துவிடும். பாவித்த தடி மட்டும் வேண்டாம், உள்ளே இருக்கும் கீறல் நம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது சோடியை முதல் சோடி உழைத்துத் தரட்டும். அதற்கு முன்னால், வெளியாரைப் போட்டில் ஏற்றுவதற்கு என்ன அனுமதி வேண்டும் என்று மீன்பிடித் திணைக்கள அலுவலகத்தில் மகனைக் கேட்டு வரச் சொல்லுங்கள். போட்டில் ஏறும் ஒவ்வொரு தலைக்கும் ஓர் உயிர்காப்பு அங்கி வாங்கச் சொல்லுங்கள். காப்பு அடகுக்குப் போகாமல் மிஞ்சும் காசிலேயே அது முடியும்.

கடைக்கு நீங்களும் கூடவே போங்கள். மகன் வெட்கப்படுவான், பரவாயில்லை. கைப்பையில் விற்றராசை வைத்துக்கொள்ளுங்கள். இழுக்கும்போது முள் எத்தனை கிலோவில் ஏறி நின்றது, இடையில் விழுந்ததா இல்லையா என்பதை இன்ஷா அல்லாஹ் அடுத்த கடிதத்தில் எனக்கு எழுதுங்கள்.